பன்றிக் காது

இந்த ஏப்ரல் 14க்கு எங்கள் காலனி மாலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். மிருகங்கள் கூட்டமாகச் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிற கதை. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எருமை, கழுதை, நாய், குரங்கு, பன்றி எல்லாம் வரிசையில் நிற்கின்றன. எங்கள் பேரைச் சொல்லி மனுசனை மனுசன் திட்டுகிறான், இதனால் எங்கள் இனத்துக்கு மானக்கேடாக இருக்கிறது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது மனு. கதை என்னுடையது இல்லை. எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை, வகுப்பில் எருமை என்று திட்டு வாங்கிவிட்டு வந்த அன்றைக்கு, "நம்மளத் திட்டுறது எருமைக்குத் தெரிஞ்சா அது இன்னாக்கா நெனைக்கும்?" என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அங்கிருந்துதான் நாடகம் கிளம்பியது.

வேஷத்துக்குக் காது மட்டும் போதும் என்று முடிவானது. முகமூடி மாட்டினால் வசனம் கேட்காது, மூச்சு முட்டும், வியர்வையில் அட்டை நைந்துவிடும். அதைவிட, முகம் தெரிய வேண்டும் என்று நான் நினைத்தேன். காலனிப் பிள்ளையின் முகம் அப்படியே இருக்கட்டும், தலையில் மட்டும் ரெண்டு மிருகக் காது இருக்கட்டும், பார்க்கிறவர்கள் ரெண்டையும் சேர்த்தே பார்க்கட்டும் என்று.

விருத்தாசலத்தில் சோபா தைக்கிற கடைகளில் வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் மூட்டையில் கிடக்கும். எடை போட்டுக் கொடுத்தார்கள். ஸ்பாஞ்சுக்கு எடை ஏது? ஒரு கிலோவுக்கே சாக்கு நிறைந்துவிட்டது. "இன்னாத்துக்குமா, தலகாணிக்கா?" என்றார் கடைக்காரர். "காதுக்கு" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீதி நாடகம் போடுகிற தோழர்கள் நாம் கறுப்புச் சட்டை, சிவப்புத் துண்டு, ஒரு பறை என்று முடித்துக்கொள்கிறோம். அதற்கு அரசியல் காரணமும் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு அது எப்போதோ அலுத்துவிட்டது. அவர்களுக்கு வேஷம் வேண்டும்.

ஒரு அங்குல கனமுள்ள ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு, முதலில் தாளில் காது வரைந்து வெட்டி, அதை ஸ்பாஞ்சின் மேல் வைத்துப் பேனாவால் கோடு போட வேண்டும். பிளேடு புதுசாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு ஸ்பாஞ்சை அறுக்காது, பிய்க்கும். காதின் உட்பக்கத்தைக் கத்திரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தால் குழி விழும். அடிப்பாகத்தில் ஒரு முக்கோண வெட்டுப் போட்டு, வெட்டின ரெண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டினால் தட்டையாக இருந்தது தானாகக் குவிந்து காது மாதிரி நிற்கும். இந்த ஒட்டுகிற இடத்தில்தான் நாங்கள் தடுமாறினோம். ஃபெவிக்விக் ஊற்றினால் ஸ்பாஞ்சு அந்த இடத்தில் கல்லாகிவிடுகிறது. சாதாரண ஃபெவிகால் காய்வதற்குள் பிள்ளைகள் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற பெரியவர்தான் வழி சொன்னார். அவர் வைத்திருப்பது சொலுஷன். ரெண்டு பக்கமும் தடவி, அவசரப்படாமல் ஒரு பத்து நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. காய்ந்தது மாதிரி இருக்கும்போதுதான் பிடிக்கும். "ஸ்பாஞ்சு குடிச்சிரும்மா, மொதக் கோட்ட அதுக்குக் குடிக்கக் குடு, ரெண்டாவதுதான் ஒட்டுறதுக்கு" என்றார். அதன் வாடை தலைக்கேறும். அதனால் அந்த வேலையை மட்டும் பெரியவர்கள் வெளியில் காற்றோட்டத்தில் உட்கார்ந்து செய்தோம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. செருப்புக்கு அடிப்பாகம் வெட்டுகிற மெல்லிசு ஃபோம் ஷீட்டும் அவர்தான் கொடுத்தார். அது ஸ்பாஞ்சு மாதிரி இல்லை. சூடு காட்டினால் இளகும், ஆறினால் வளைத்த வளைவிலேயே நிற்கும். மேலே காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஒத்தியெடுத்து, டம்ளரின் மேல் வளைத்துப் பிடித்தால் நாய்க் காது அப்படியே வந்துவிடுகிறது. ஓரத்தைச் சாய்வாகச் சீவி ஒட்டினால் தையல் தெரியாது என்று தோல் சீவுகிற கத்தியால் செய்து காட்டினார். அறுபது வருஷத்துக் கை அது. அவர் அருந்ததியர். எங்கள் காலனியில் எந்த வீட்டிலும் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு காதுக்கும் பிள்ளைகள் நிஜ மிருகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எருமைக்குக் காது தலை உச்சியில் இல்லை, கொம்புக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது வரைய உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கே உறைத்தது. தெரு நாய்க்கு ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் வைத்தோம். கழுதைக் காது ஒரு சாணுக்கு மேல் போனதால் நிற்கவில்லை. கொத்தனார் கட்டுக் கம்பியை உள்ளே வளைத்துச் சொருக வேண்டியதாயிற்று. கழுதை வேஷம் போட்ட பையன், 2021இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் வருகிற மாதிரி முன்னங்கால் ரெண்டையும் கட்டிக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். கலெக்டர் ஆபீசு வரைக்கும் எப்படிடா நடப்ப என்றதற்கு, "அதாங்க்கா மனுவே" என்றான்.

எருமையின் காதில் மஞ்சள் வில்லை வைக்க வேண்டும் என்றும் பிள்ளைகள்தான் சொன்னார்கள். இப்போது மாடு, எருமைக்கெல்லாம் அரசாங்கம் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை மாட்டுகிறதல்லவா, 12 இலக்க எண்ணோடு. ஃபோம் ஷீட்டில் சின்னதாக வெட்டி, எண் எழுதி ஒட்டினார்கள். அதை ஒட்டும்போது எனக்கு வேறொரு காது ஞாபகத்துக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு எருமைக் கடன் கிடைத்தது. தாட்கோ மானியம், வங்கிக் கடன். எருமைக்கு இன்சூரன்ஸ், அதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வில்லை. ஒரு ஐப்பசி மழையில் அது செத்துப் போனது. வில்லையைக் காட்டாமல் இன்சூரன்ஸ் பணம் கிடையாது. வில்லையை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள், காதோடு வேண்டும். அப்பா காதை அறுத்து, உப்புத் தடவி, வாழை இலையில் சுற்றி, மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார். மாட்டு டாக்டர் சான்றிதழ் வரவில்லை, நாளைக்கு வா என்றார்கள். நாளைக்கும் போனார். நாலு நாள் அந்தக் காது எங்கள் வீட்டு இறவாணத்தில் தொங்கியது. ஐந்தாம் நாள் மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத வெளிய கொண்டுபோயி வைய்யா" என்றாராம். எந்த வங்கி என்பது முக்கியமில்லை. பணம் வரவில்லை, கடன் மட்டும் நின்றது. செத்த மாட்டை அறுக்கிறவன் என்று நம்மைத் தள்ளிவைத்த அதே நாட்டில், அறுத்த காதைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கவும் ஒரு சட்டம் இருந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டுத் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் காரில் கட்டிவைத்து அடித்த படம் வந்தபோது, வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தோம். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவிடம் இந்த ஸ்பாஞ்சுக் காதைக் காட்டினேன். கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். "லேசா கீது" என்றார்.

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் யாருக்கு எந்த வேஷம் கிடைக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது. நான் அஞ்சாவது படித்தபோது காட்டு ராஜா கதையை நாடகமாகப் போட்டார்கள். சிங்கம், மான், முயல் எல்லாம் ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கு. முயலுக்கு வெள்ளைச் சாட்டின் துணியில் காது தைத்து வந்தது. "நீதான் கறுப்பா இருக்கியே, கரடியா நில்லு" என்று எனக்கொரு கோணிச் சாக்கு. கரடிக்கு வசனம் இல்லை. காலனியிலிருந்து போன மற்ற மூன்று பேர் மரம். இன்றைக்கும் மாறுவேடப் போட்டி என்றால் வாடகைக் கடையில் முயலும் பட்டாம்பூச்சியும் எடுத்து மாட்டிவிடக் காசுள்ள வீட்டுப் பிள்ளைதான் மேடையேறுகிறது. எந்த மிருகம் அழகு, எந்த மிருகம் கேவலம் என்பதை நமக்கு முன்பே யாரோ பிரித்து வைத்திருக்கிறார்கள். விஷ்ணு பன்றியாக வந்தால் அவதாரம். மதுரையில் சிவபெருமான் தாய்ப் பன்றியாக வந்து அநாதைக் குட்டிகளுக்கு முலை கொடுத்தால் அது திருவிளையாடல். எம்.ஏ. வகுப்பில் அந்தப் படலத்தை உருகி உருகி நடத்துவார்கள். அதே வாய் வகுப்பறைக்கு வெளியே வந்ததும் பன்னிப் பயலே என்னும்.

இந்த அரசியலெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். வசவை எடுத்துத் தலையில் கிரீடமாக வைத்துக்கொள்வது தலித் பண்பாட்டில் புதிதும் இல்லை. பறை என்ற சொல்லையே அப்படித்தான் மீட்டோம். எனவே பன்றிக் காது செய்வதில் ஒரு சிக்கலும் வராது என்றுதான் எல்லோரும் இருந்தோம். பன்றிக்குத்தான் நாடகத்தில் முதல் மனு, நீளமான வசனம். அதை வேண்டும் என்று கேட்டு வாங்கிய பிள்ளை ஆறாவது படிக்கிறவள். குரல் கணீர் என்று இருக்கும்.

மறுநாள் அவள் அம்மா வந்துவிட்டது.

"எம் புள்ளைக்குப் பன்னிக் காது மாட்டாத."

காலனிக் கோடியில் ரெண்டு வீடு பன்றி வளர்க்கிறது. அதில் ஒன்று இவர்களுடையது. எங்கள் சனம்தான், முறை சொல்லிக் கூப்பிடுகிற உறவுதான். ஆனாலும் ‘பன்னிக்கார வூடு’. நான் விளக்கப் பார்த்தேன். இது கேவலப்படுத்துகிற வேஷம் இல்லக்கா, திருப்பிக் கேக்குற வேஷம் என்றேன். 2023இல் வந்த ‘மாமன்னன்’ படத்தில் கதாநாயகனே பன்றி வளர்க்கிறானே என்று ஒரு பையன் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தது.

"சினிமாவுல வளத்தா கைதட்டுறீங்க. எம் புள்ள தண்ணிப் பைப்புக்கு வந்தா மூக்கப் புடிச்சிக்கினு உர்ரு உர்ருங்கிறீங்க. ஊர்க்காரன் சொன்னா வழக்குப் போடுவ. நம்ம தெருப் புள்ளிங்க சொன்னா எந்தச் சட்டத்துலம்மா போடுவ?"

அங்கே இருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லாமல் இருந்தது.

சட்டம் என்று வந்ததால் அதைச் சொல்லிவிடுகிறேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(10) என்று இருந்தது, 2015 திருத்தத்துக்குப் பிறகு, அதாவது 2016 ஜனவரி 26 முதல், 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டாக நிற்கிறது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்த வேண்டும் என்றே அவமதிப்பது ஒன்று, சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவது இன்னொன்று. திட்டுகிறவனுக்கு இப்போது சட்டம் தெரியும். அதனால் சாதியைச் சொல்வதில்லை, மிருகத்தைச் சொல்கிறான். ஸ்டேஷனில் போய் நின்றால், "சாதிப் பேரா சொன்னான்? எருமைன்னுதானம்மா சொன்னான், என்னையக்கூட எங்கப்பா அப்பிடித்தான் சொல்லுவாரு" என்பார்கள். புகார் எழுதித் தருகிற வேலையில் இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். முதல் பிரிவில் சாதிப் பேரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் இழிவுபடுத்தும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், அது யாரால் முடிகிறது? அக்கா கேட்ட கேள்விக்கோ இந்த அளவுக்கும் பதில் கிடையாது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் செய்தால்தான் இந்தச் சட்டத்தில் குற்றம். நமக்குள் நாம் செய்வதற்கு இங்கே பிரிவில்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. வக்கீல் தோழரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் இருந்தார்.

அக்கா அன்றைக்குப் போய்விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. பன்றிக் காதை எடுத்ததும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது இன்னாடி இது, ரோஸ் கலருல?"

நாங்கள் செய்திருந்தது கார்ட்டூன் பன்றி. எல்லா மிருகத்தையும் போய்ப் பார்த்தவர்கள், பன்றியை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் யாரும் போயிருக்கவில்லை. ரோஸ் நிறம், முனை முன்னால் மடிந்து விழுந்த முக்கோணம். "அது ஃபாரத்துப் பன்னி. நம்மளது கருப்பு. காது இத்தினிக்கூண்டு இருக்கும், நிமிந்து நிக்கும். சத்தம் கேட்டா ஒன்னு முன்னால திரும்பும், இன்னொன்னு பின்னாலயே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, கத்திரிக்கோலை வாங்கி எங்கள் காதில் பாதியை வெட்டித் தள்ளியது. முனையை மழுங்கடித்தது. ஸ்பாஞ்சு சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முதலில் ஒரு பூச்சுப் பூசிக் காய வைத்து, அதன்மேல்தான் கறுப்பு அடித்தோம். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு காகிதப் பொட்டலத்தில் நிஜப் பன்றி மயிர் கொண்டுவந்தது. "பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷு இன்னாத்துல செய்யிறான்னு நெனைக்கிற? இதான்" என்றது. காதின் ஓரத்தில் சொலுஷன் தடவி, கொத்துக் கொத்தாக மயிரை நட்டு, நுனியைக் கத்தரித்தது. அந்த ஒரு ஜோடிதான் ஆறு ஜோடியிலும் உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் ஸ்பாஞ்சு.

செய்து கொடுத்துவிட்டு, "எம் புள்ளைக்குக் கெடையாது" என்று மறுபடியும் சொன்னது. "அது முயலா வரட்டும்."

நாடகத்தில் முயல் இல்லை. முயலைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை, அதற்கு என்ன மனு? பிள்ளைகள் கூடிப் பேசி ஒரு முயலைச் சேர்த்தார்கள். தோழர்களில் ஒருவர், இது கருத்தை நீர்த்துப்போகச் செய்யும், தாயாரிடம் இன்னும் பேசிப் புரியவைக்க வேண்டும் என்றார். புரியவைக்க என்ன இருக்கிறது? நாம் புத்தகத்தில் படித்த கலகத்துக்கு அந்தப் பிள்ளை தினமும் தண்ணீர்ப் பைப்பில் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டு வெள்ளைக் காது கேட்கிறாள் அம்மா, கொடுத்துவிட்டுப் போகலாம்.

பன்றிக் காதுக்கு ரெண்டு நாள் ஆளில்லை. மூன்றாம் நாள், ஒன்பதாவது படிக்கிற நெட்டைப் பையன் வசனத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, பன்றிக்குத்தான் அதிகம் என்று தெரிந்ததும் வாங்கிக்கொண்டான்.

அந்த வசனத்தில் தொல்காப்பியத்தையும் சேர்த்திருந்தேன். மரபியலில் இளமைப் பெயர்கள் சொல்கிற இடத்தில் நாய், பன்றி, புலி, முயல் இந்த நான்கின் குட்டிக்கும் ஒரே பேர், குருளை. எம்.ஏ.வில் ரெண்டு மதிப்பெண் கேள்வி அது. புலிக்குட்டியும் பன்றிக்குட்டியும் முயல்குட்டியும் இலக்கணத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, அதைக் கலெக்டரிடம் ஆதாரமாகக் காட்டலாமே என்று எனக்கு ஆசை. ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை என்று பிள்ளைகள் வெட்டிவிட்டார்கள்.

கூண்டுக்குள் இருக்கிற அம்பேத்கர் சிலைக்கு முன்னால், டியூப் லைட் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது. எருமை தன் 12 இலக்க எண்ணைச் சொல்லியது. நாய், "எங்கள நன்றி உள்ளதுன்னு பாடப் பொஸ்தகத்துல போட்டுட்டு, வாசல்ல திட்டுறது எங்க பேரச் சொல்லி. எது உண்மைன்னு எழுத்து மூலமாத் தெரியப்படுத்தணும்" என்றது. பன்றி பேசும்போது பொம்பளைகள் பக்கத்தில் நல்ல சிரிப்பு. அக்கா சிரிக்காமல் காதையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் முயல் வந்தது. கலெக்டர், "உனக்கு என்ன குறை?" என்றார். கணீர் குரலில் அந்தப் பிள்ளை, "எனக்குக் குறையே இல்லீங்க ஐயா. என்னைய யாரும் திட்டுனதில்ல. இவங்கல்லாம் எதுக்கு அழுவுறாங்கன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள். இது ஒத்திகையில் இல்லாத வசனம். கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது, பிறகுதான் கைதட்டியது.

நாடகத்தின் முடிவில் கலெக்டர் எல்லா மிருகத்துக்கும் மனு எண் எழுதிய சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அதற்கு மேல் என்ன நடந்தது என்று காலனியில் எல்லோரும் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். அவர்களும் ரெண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பர் 6க்குப் போடலாம் என்று பேச்சு. தண்ணீர்ப் பைப்புக் காட்சி ஒன்று அதில் வர வேண்டும் என்று முயல் சொல்லியிருக்கிறது, நெட்டைப் பையன் வேண்டாம் என்கிறான், இன்னும் முடிவாகவில்லை. காதுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நசுங்கிவிடும் என்பதால் சாக்கில் போட்டு நூலகத்துக் கட்டையில் தொங்கவிட்டிருக்கிறோம். வெயில் பட்ட ஸ்பாஞ்சு மஞ்சளாகிறது. முயல் காதுக்கு மறுபடி வெள்ளை அடிக்க வேண்டும், கம்பியும் மாற்ற வேண்டும்.